ஊசிக்குப் பயந்த ஊக்குநர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னை உடல்நலத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. முருங்கைக்கீரை, ரத்தசோகை, கை கழுவுறது இதெல்லாம் பேசுவேன்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் இன்னைக்குப் பயத்தைப் பத்திப் பேசப் போறேன். தலைவிகிட்ட முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிட்டேன். ஏன் இந்தத் தலைப்புன்னு கடைசியில உங்களுக்கே புரியும். ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்குது.

தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு முதன்முதல்ல ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். 1989-ல், ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோட, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பிச்சது. அந்தக் காலத்துக் குழுவுல இருந்த அம்மாக்கள் இங்கேயும் நாலஞ்சு பேர் இருக்கீங்க. பேங்க் வாசப்படி ஏறவே கை கால் நடுங்கும்னு நீங்க சொல்லிக் கேட்டிருக்கேன். மேனேஜர் ரூமுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டுப் போனீங்களாம். முதல் தடவை அஞ்சு பேரு சேர்ந்து போனீங்க, அப்புறம் ரெண்டு பேரு, அப்புறம் தனியா. இன்னைக்கு மேனேஜரே உங்களுக்கு நாற்காலி போடுறார். இதை மனசுல வெச்சுக்கோங்க. பயத்துக்கு டாக்டருங்க கொடுக்கிற வைத்தியமும் ஏறக்குறைய இதேதான்.

இப்ப என் கதைக்கு வரேன். பதினெட்டு வருஷமா நான் ஊக்குநர். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கேன், கலெக்டர் ஆபீஸ்ல மைக் பிடிச்சுப் பேசியிருக்கேன். ஆனா எனக்கு ஊசின்னா பயம். சாதாரணப் பயம் இல்லை. பள்ளிக்கூடத்துல அஞ்சாவது படிக்கும்போது ஊசி போட வரிசையில நிறுத்தினாங்க. எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு கையில ஒரு சொட்டு ரத்தம் வந்துது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கண்ணு முழிச்சா தரையில கிடக்கிறேன், மூஞ்சியில தண்ணி. பிள்ளைங்க எல்லாம் சிரிக்குது.

அன்னையிலிருந்து ஊசி இருக்கிற பக்கமே போறதில்லை. காய்ச்சல்னா மாத்திரை போதும்னு சொல்லிடுவேன். பிரசவத்துல வேற வழியில்லாம கண்ணை மூடிக்கிட்டுத் தப்பிச்சேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க இல்லையா, அப்புறம் நம்ம ஊருக்கும் வீடு வீடா சர்க்கரை பார்க்க வந்தாங்க. எங்க தெருவுக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? எல்லா உறுப்பினரையும் கூப்பிட்டு வரிசையில நிறுத்துவேன், பேரெல்லாம் எழுதிக் கொடுப்பேன், என் முறை வரும்போது அடுப்புல பால் வெச்சேன்னு உள்ளே போயிடுவேன். எல்லாரும் என்னைப் பாராட்டுவாங்க, எவ்வளவு பொறுப்பான ஊக்குநர்னு.

போன வருஷம் கால்ல ஒரு முள்ளு குத்திச்சு. ஒரு மாசமாகியும் ஆறலை. ராத்திரியில நாலு தடவை எழுந்து போறேன், நாக்கு வறண்டு போகுது. எனக்கே தெரியும் இது சர்க்கரைன்னு. தெரிஞ்சும் டெஸ்ட்டுக்குப் போகலை. காலை எடுக்க வேண்டி வரும்னு மகள் அழுதா. கால் போனாலும் பரவாயில்லை, ஊசி வேணாம்னு அப்ப மனசு சொல்லிச்சு. கடைசியில மகள் பிடிவாதமா கூட்டிட்டுப் போனா. விரல்ல குத்தின உடனே மயங்கி விழுந்து, பெஞ்சு முனையில தலை அடிபட்டுது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்துது. அங்கே இருந்த டாக்டர்தான், இதுக்குத் தனியா வைத்தியம் இருக்குது, மனநலப் பிரிவுக்குப் போங்கன்னு எழுதிக் கொடுத்தார். மனநலம்னு சொன்னதும் எனக்குக் கோபம் வந்துது. எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டேன். "இல்லைம்மா, இதுக்குப் பேரு ஃபோபியா. புத்தியில எந்தக் கோளாறும் இல்லை, பயத்துல மட்டும்தான் கோளாறு"ன்னார்.

அங்கே எனக்குச் சொன்னதையும், அப்புறம் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதையும் உங்களுக்குச் சொல்றேன்.

பயம் எல்லாருக்கும் வேணும். பாம்பைப் பார்த்துப் பயப்படாதவன் ரொம்ப நாள் இருக்க மாட்டான். ஆனா ஒரே ஒரு பொருளோ இடமோ பார்த்தா, இருக்கிற ஆபத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பயம் வருது, ஒவ்வொரு தடவையும் வருது, அதுக்காகவே போக வேண்டிய இடத்துக்குப் போகாம இருக்கோம், ஆறு மாசத்துக்கு மேல இது நீடிக்குது, வாழ்க்கையையே தடுக்குதுன்னா, அதுக்குப் பேரு அச்சக் கோளாறு, ஃபோபியா. இதுல பொதுவா சில வகை சொல்றாங்க. நாய், பூரான், பல்லி, பாம்பு மாதிரி உயிருங்களைப் பார்த்துப் பயப்படுறது ஒண்ணு. உயரம், இடி, தண்ணி இதுக்குப் பயப்படுறது ஒண்ணு. லிஃப்ட், பஸ், மூடின அறை மாதிரி இடங்களுக்குப் பயப்படுறது ஒண்ணு. ரத்தம், ஊசி, காயம் இதுக்குப் பயப்படுறது ஒண்ணு, அது என்னோடது. இதுல எதுலயும் சேராத மத்ததும் இருக்குது. நிறைய பேருக்குச் சின்ன வயசிலேயே ஆரம்பிக்குது. ஆம்பளைங்களை விட நம்ம பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகமா வருது. அதனால இந்தப் பந்தல்லயே பல பேருக்கு இருக்கும். யாரும் கை தூக்க வேணாம்.

இது ஏன் வருது? மூணு வழி சொல்றாங்க. நமக்கே நேர்ந்தது ஒரு வழி. அடுத்தவங்க பயப்படுறதைப் பார்த்துக் கத்துக்கிறது ரெண்டாவது. சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தினது மூணாவது. சோறு ஊட்டும்போது "பூச்சாண்டி வரான், ஊசி போட்டுடுவாங்க"ன்னு நாம சொல்றோமே, அது மூணாவது வழி.

நேர்ந்ததுக்கு ஒரு உதாரணம். 1920-ல அமெரிக்காவுல வாட்சன், ரேனர்னு ரெண்டு பேரு ஒரு பச்சைக் குழந்தையை வெச்சுச் சோதனை பண்ணினாங்க. குழந்தைக்கு ஒரு வயசுகூட ஆகலை. வெள்ளை எலியோட பயமில்லாம விளையாடிச்சு. அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாடி இரும்புக் கம்பியைச் சுத்தியலால ஓங்கி அடிச்சாங்க. கொஞ்ச நாள்ல எலியைப் பார்த்தாலே அழுதுது. முயலைப் பார்த்தாலும், நாயைப் பார்த்தாலும், ரோமக் கோட்டைப் பார்த்தாலும் அழுதுது. அந்தப் பயத்தைத் தீர்த்து வைக்காமலே குழந்தையை விட்டுட்டாங்க. இன்னைக்கு அப்படிச் சோதனை பண்ண யாரும் விட மாட்டாங்க, தாய் மனசு கேக்குமா? ஆனா பயம் எப்படி ஒட்டிக்குது, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு எப்படிப் பரவுதுன்னு அதுல தெரிஞ்சுது.

பார்த்துக் கத்துக்கிறதுக்கு நம்ம தமிழ்நாட்டு உதாரணமே இருக்குது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து நடக்குது. நம்மளைப் போலவே சங்கம் வெச்சுப் பிழைக்கிறவங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, விஷத்தை எடுத்துட்டு, மறுபடி காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த விஷத்துலதான் பாம்புக்கடி மருந்து தயாராகுது. அந்தச் சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அந்த வீட்டுப் பிள்ளை அப்பன் பாம்பைப் பக்குவமாப் பிடிக்கிறதைப் பார்த்தே வளருது. எங்கே பிடிக்கணும், எப்ப ஒதுங்கணும்னு கத்துக்குது. நம்ம வீட்டுப் பிள்ளை, அம்மா பல்லியைப் பார்த்து அலறி நாற்காலி மேல ஏறுறதைப் பார்த்து வளருது. எச்சரிக்கை வேற, பயம் வேற. எதைக் காட்டுறோமோ அதைத்தான் பிள்ளைங்க எடுத்துக்குது.

இதுக்கு மேல பிறப்பும் கொஞ்சம் இருக்குது. அதுலயும் ரத்தம், ஊசிப் பயம் குடும்பத்துலயே ஓடுறது அதிகமாம். அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துது, எங்க ஆயா கோழி அறுத்தா வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கும்.

பயம் வந்தாச்சு சரி, ஏன் போக மாட்டேங்குது? இதை உங்களுக்கு நான் கந்துவட்டியை வெச்சுச் சொல்றேன். நாய் நிக்குதுன்னு தெருவை மாத்திப் போறோம். அந்த நிமிஷம் அப்பாடான்னு இருக்குது. அது அவசரத்துக்குக் கையில வாங்குற கடன் மாதிரி. "தப்பிச்சோம், போயிருந்தா செத்திருப்போம்"னு மனசு கணக்கு எழுதிக்குது. அதுதான் வட்டி. அடுத்த தடவை பயம் கூடுது, இன்னும் தூரமா ஓடுறோம். போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு கத்துக்கவே வாய்ப்புக் கிடைக்கிறதில்லை. ஓடி ஓடியே அசல் வளருது.

அப்ப வைத்தியம் என்ன? ஓடாம, கொஞ்சம் கொஞ்சமா அடைக்கிறதுதான். 1924-ல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா, முயலைக் கண்டு பயந்த பீட்டர்ங்கிற மூணு வயசுப் பையனைச் சரிபண்ணினாங்க. அவனுக்குப் பிடிச்ச தின்பண்டத்தைக் கொடுத்துட்டு, அறையோட அந்தக் கோடியில கூண்டுல முயலை வெச்சாங்க. நாளாக ஆகக் கொஞ்சம் கிட்ட. பயப்படாத பிள்ளைங்களையும் கூட விளையாட விட்டாங்க. கடைசியில பையன் முயலை மடியில வெச்சுக்கிட்டான். பின்னாடி 1958-ல ஜோசப் வோல்ப்ங்கிற டாக்டர் இதையே முறைப்படுத்திப் புத்தகமா எழுதினார். இன்னைக்கும் ஃபோபியாவுக்கு முதல் வைத்தியம் இதுதான். பயத்தைப் படிக்கட்டாப் பிரிச்சு, கீழ்ப்படியில நின்னு, பயம் தானா இறங்குற வரைக்கும் அங்கேயே இருக்கணும். உடம்பு ரொம்ப நேரம் உச்சத்துலயே நிக்காது, இறங்கித்தான் ஆகணும். இறங்கினதும் அடுத்த படி. சில வகைப் பயத்தைப் பயிற்சி பெற்றவங்க ஒரே நாள்ல, ரெண்டு மூணு மணி நேரத்துல குறைக்கிறதும் உண்டு. மாத்திரை அந்த நேரத்துப் படபடப்பைக் குறைக்கும், ஃபோபியாவை வேரோட எடுக்காது. அதனால நாமளா கடையில மாத்திரை வாங்கிப் போடக்கூடாது.

ரத்தம், ஊசிப் பயத்துக்கு மட்டும் ஒரு தனி விஷயம் உண்டு. நாயைப் பார்த்துப் பயந்தா மயக்கம் வர்ற மாதிரி இருக்கும், ஆனா பெரும்பாலும் வராது. ஏன்னா ரத்த அழுத்தம் ஏறும். ஊசிப் பயத்துல முதல்ல ஏறி, அப்புறம் திடீர்னு இறங்கிடும், மூளைக்கு ரத்தம் குறையும், விழுந்துடுவோம். அதனால "உடம்பைத் தளர்த்து, மூச்சை விடு"ன்னு சொன்னா எங்களுக்கு உதவாது. எங்களுக்கு உடம்பை முறுக்கணும். ஸ்வீடன் நாட்டு ஓஸ்ட்ங்கிறவர் 1980-கள்ல உருவாக்கின முறை இது. உட்கார்ந்து கை, கால், வயிறு எல்லாத்தையும் இறுக்கமா முறுக்கிப் பிடிக்கணும். பத்துப் பதினஞ்சு விநாடி, மூஞ்சி சூடாகிற வரைக்கும். அப்புறம் விட்டுடணும், முழுசாத் தொய்ய விடாம சாதாரணமா. இருபது முப்பது விநாடி கழிச்சு மறுபடி. இப்படி அஞ்சு தடவை. முதல்ல வீட்டுல பழகணும். ஊசி போடுற கையை மட்டும் தளர்வா விடணும். படுத்துக்கிட்டு ஊசி போட்டுக்கிறதும் நல்லது. கர்ப்பிணிங்க, பி.பி. இருக்கிறவங்க, இதய நோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்.

நான் இப்படித்தான் படியேறினேன். முதல் வாரம் ஊசிப் படத்தைப் பார்த்தேன். அப்புறம் முள்ளில்லாத சிரிஞ்சைக் கையில வெச்சிருந்தேன், சமையல்கட்டுலயே மாட்டி வெச்சேன். அப்புறம் மகளுக்கு ரத்தம் எடுக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன், முறுக்கிக்கிட்டே. அப்புறம் விரல் நுனியில. கடைசியில கை நரம்புல. மூணு மாசம் ஆச்சு. இப்பவும் ஊசி எனக்குப் பிடிக்காது. ஆனா நான் விழுறதில்லை, ஓடுறதுமில்லை. காலும் ஆறிடுச்சு, சர்க்கரையும் கட்டுக்குள்ள இருக்குது.

இப்ப அந்த மன்னிப்பு. எங்க குழுவுல ஒரு அக்கா, பேரு சொல்லலை. சந்தாவைத் தவறாம மகன்கிட்டக் கொடுத்து அனுப்பும், கூட்டத்துக்கு மட்டும் வராது. கேட்டா தலைவலி, விருந்தாளி, காட்டு வேலைன்னு சொல்லும். பெருமை பிடிச்சவ, நம்மகூட உட்கார மனசில்லைன்னு பேசினோம். விதிப்படி அபராதம் போட்டோம். தீர்மான நோட்டுல என் கையாலதான் எழுதினேன். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு உள்கடன் கேட்டப்போ, வருகை குறைவுன்னு தள்ளி வெச்சோம். அக்கா வெளியில வட்டிக்கு வாங்கிக் கட்டிச்சு.

என் வைத்தியம் முடிஞ்சப்புறம்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டுது. பால் வெச்சேன்னு நான் சொன்னது, அந்த அக்கா தலைவலின்னு சொன்னது, ரெண்டும் ஒண்ணுதானே? வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொல்லிச்சு. ஏழு வயசுல நாய் கடிச்சு, தொப்புளைச் சுத்தி ஊசி போட்டாங்களாம். அந்தப் பழைய ஊசி 2004-டோட நம்ம நாட்டுல நின்னுபோச்சு, ஆனா அக்கா மனசுல நிக்கலை. நாங்க கூட்டம் போடுற வீட்டுல ஒரு நாய். அதுவும் கட்டித்தான் இருக்கும். அந்தத் தெரு முனை வரைக்கும் எத்தனையோ தடவை வந்து திரும்பிப் போயிருக்குது. வெளியில சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை. சிரிச்சிருப்போம், அதுதான் உண்மை.

ஆலோசகர் சொன்னபடி அந்த அக்காவும் படி ஏறிச்சு. முதல்ல காலண்டர்ல நாய்ப் படம். செல்போன்ல குரைக்கிற சத்தம். கட்டின நாயைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கிறது. அப்புறம் பத்தடி. அப்புறம் வாசல். ஒவ்வொரு படியிலயும் குழுவுல ரெண்டு பேரு கூட நின்னோம். தள்ளலை, இழுக்கலை, "இதுக்கா பயப்படுற"ன்னு கேக்கலை. போன மாசக் கூட்டத்துல திண்ணையில உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து எனக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துது.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். தெருநாயைப் போய்த் தடவச் சொல்லலை. வெறிநோய் நிஜமான ஆபத்து. கடிச்சா உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவணும். அரசு மருத்துவமனையில இலவசமாத் தடுப்பூசி போடுவாங்க. சொன்ன தேதிகளை ஒண்ணு விடாம முடிக்கணும். ஊசிக்குப் பயந்து அதை விட்டா உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்குது.

அப்புறம், பயந்தவங்களை வேடிக்கைக்காகத் திடீர்னு அந்தப் பொருள் மேல தள்ளாதீங்க. அது வைத்தியமில்லை, பயம் இன்னும் கூடும். மந்திரிச்சுக் கயிறு கட்டுறது உங்க நம்பிக்கை, நான் குறை சொல்லலை. கட்டிட்டு டாக்டரையும் பாருங்க. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா மனநலப் பிரிவுக்கு அனுப்புவாங்க. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். போக முடியலைன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. இலவசம், ராத்திரி பகல் எப்பவும் பேசலாம், தமிழ்லயே பேசலாம்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். எங்க குழுவுல அந்த அக்காவோட அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துட்டோம், உள்கடனும் கொடுத்தாச்சு, வெளிக்கடன் அடைஞ்சுடுச்சு. அதோட ஒரு தீர்மானமும் போட்டிருக்கோம். ஒருத்தர் தொடர்ந்து வரலைன்னா, அபராதம் எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு அவங்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஏன்னு கேட்கணும். முதல் தடவை தலைவலின்னு சொன்னா, ரெண்டாவது தடவையும் போகணும். இதை எல்லாக் குழுவும் எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன்.

அந்த அக்கா இந்தப் பந்தல்லதான் உட்கார்ந்திருக்குது. அக்கா, என்னை மன்னிச்சுக்கோங்க.